ஒசனீரா கட்டையைக் கீழே வைக்காத நாள்

என் நாத்தனார் ஒசனீராவுக்குக் கல்யாணம் எப்படி முடிவானது என்று மராவு ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அண்ணனுக்கு மருந்து வைத்தாள் என்பான் ஒருவன். காட்டுச் சாமியாரிடம் போய் மந்திரித்துக்கொண்டு வந்தாள் என்பாள் இன்னொருத்தி. எல்லாம் கலப்படம். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து காலையிலிருந்து கடைசி வரை பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்வதுதான் சரி. மறுக்கிறவர்கள் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

நான் மவ்வேஸ் நகரத்துக்காரி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெர்னபேயைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இருக்கிற இந்த சத்தேரே பழங்குடி ஊருக்கு வந்தேன். நகரத்தில் நாங்கள் குவாரனா விதையைப் பொடியாக வாங்கி, சர்க்கரை போட்டுக் கலக்கி, நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவோம். இங்கே அப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள். இங்கே குவாரனா என்றால் விதை மாவை உருட்டிக் காயவைத்த கட்டை. முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக, கல்லைப்போல இறுகி இருக்கும். சுரைக் கிண்ணத்துக்குள் ஒரு கல்லைச் சாய்த்து வைத்து, கட்டையைத் தண்ணீரில் நனைத்து, சந்தனம் இழைக்கிற மாதிரி அந்தக் கல்லில் இழைக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்குச் சபோ என்று பேர். இழைப்பது வீட்டுக்காரனின் பெண்டாட்டி வேலை.

அதாவது என் வேலை. வந்த மறுநாள் நான் இழைத்த முதல் கிண்ணத்தைக் குடித்த ஊர்த்தலைவர் கசிமீரு, வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைக் குடிக்கணுமாம்மா, மெல்லணுமா?" என்றார்.

கூடமே சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது எனக்கு. அப்போது பதினேழு வயசுப் பெண் ஒருத்தி ஓசையில்லாமல் வந்து என் கையிலிருந்து கட்டையை வாங்கினாள்.

"அண்ணி, நீங்க போய் மீனைப் பாருங்க, தீயுது. இதை நான் பாத்துக்கறேன்."

மீன் ஒன்றும் தீயவில்லை. அவள்தான் ஒசனீரா. நாத்தனார் என்றால் நாக்கில் தேளை வைத்திருப்பாள் என்று பயந்துகொண்டு வந்தவள் நான். எனக்கு வாய்த்தவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். அன்று வாங்கிய கட்டையை அவள் திருப்பித் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை.

ஆள் குட்டை. வலது கை மட்டும் இழைத்து இழைத்து உரம் ஏறி, இடது கையைவிடப் பருத்திருக்கும். "ஒரு அறை விட்டா ஆறு தாண்டி விழுவாங்க, அதான் யாரையும் அடிக்கறதில்ல" என்பாள். சிரிக்க ஆரம்பித்தால் நிற்க முடியாது, எங்கே இருக்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். சந்தை, சவ ஊர்வலம் எதுவும் கணக்கில்லை. என் இரண்டு பிள்ளைகளும் என்னைவிட அவளிடம்தான் அதிகம் திட்டு வாங்கி வளர்ந்தன. அவள் இழைக்கும் சபோ இருக்கிறதே, அதில் கண்ணுக்குத் தெரிகிற துகள் ஒன்று இருக்காது. முதல் வாய் கசக்கும், இரண்டாவது வாயில் கண் திறக்கும், மூன்றாவது வாயில் எதிரியையும் மன்னிக்கத் தோன்றும். அந்தக் கைக்காகவே நாலு ஊர்க்காரர்கள் எங்கள் கூடத்துக்கு வந்து வழக்குப் பேசுவார்கள்.

என் புருஷனை நான் குறை சொல்லவில்லை. பெர்னபே நல்ல மனுஷர். அவர் எங்கள் ஊர் ரொட்டிக்காரர். வாழ்நாளில் ஒரு ரொட்டி சுட்டதில்லை. வறுத்து இடித்த குவாரனா மாவைப் பிசைந்து கட்டையாக உருட்டுகிறவருக்கு இங்கே அப்படிப் பேர். விரிசலே விடாமல் உருட்டுவார். தன் கட்டைக்காகத்தான் ஊரெல்லாம் வீட்டுக்கு வருகிறது என்று அவருக்கு நினைப்பு. நானும் அதைக் கலைக்கவில்லை. புருஷன் சந்தோஷமாக இருந்தால் வீட்டுக்கு நல்லதுதானே.

ஆனால் தங்கையின் கல்யாணம் என்று வந்தால் மட்டும் இந்த நல்ல மனுஷருக்கு ஏதோ பிடித்துக்கொள்ளும். அப்பா போன பிறகு அவர்தான் அவளுக்காகப் பேச வேண்டியவர். முதலில் கீழாற்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டு வந்தார். "ரொம்ப ஒல்லி, காத்தடிச்சா யாரு பிடிக்கறது" என்று என் புருஷன் அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு படகுக்காரன். "அவன் ஊர்ல தண்ணி கலங்கல்" என்றார். அந்த இரண்டு பேருக்கும் அதே வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. படகுக்காரன் கல்யாணச் செய்தி வந்த அன்று ஒசனீரா மாவு இடித்தாள், உரல் உடையாதது என் அதிர்ஷ்டம்.

போன நவம்பரில் பழம் முற்றியது. குவாரனா பழுத்தால் ஆளுக்குத் தூக்கம் கிடையாது. கொத்துக்கொத்தாகச் சிவந்து, தோல் வெடித்து, வெள்ளைக்கு நடுவில் கறுப்பு விழியை வைத்துக்கொண்டு முழிக்கும். முழித்த இரண்டு மூன்று நாளுக்குள் பறிக்கவில்லை என்றால் உதிர்ந்து கெட்டுவிடும். அதனால் ஒரு ஊருக்கு இன்னொரு ஊர் கைகொடுக்க வரும். அப்படி மேலாற்றிலிருந்து வந்தவன் சிதோனியு. நாற்பத்துநாலு வயசு, பெண்டாட்டி இறந்து ஆறு வருஷம். உழைப்பாளி. ஒரே ஒரு குறை, பேச்சு. ஒரு வாக்கியத்தை அவன் தொடங்கினால், நாம் போய் ஒரு மீன் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து மீதியைக் கேட்கலாம்.

ஓடையில் கூடை கூடையாக விதை கழுவிக்கொண்டிருந்தோம். எல்லாரும் தோலை உரித்து விதையை அலசி எடுக்க, அவன் மட்டும் கூடையை அப்படியும் இப்படியும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், கூடையைக் கழுவறீங்களா, தாலாட்டறீங்களா?" என்றாள் ஒசனீரா.

அவன் யோசித்தான். நாங்கள் இரண்டு கூடை முடித்தோம்.

"தாலாட்டு பாடினா," என்றான் கடைசியில், "கண்ணை மூடிக்குமான்னு பாக்கறேன். எல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கு."

ஒசனீரா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கை விதை ஓடையோடு போயிற்று. பெர்னபே கரையிலிருந்து கத்தினார். அவள் காதில் விழவே இல்லை.

கைகொடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிய பிறகும் சிதோனியு மூன்று நாள் தங்கினான். விதையை வறுக்கும்போது அகப்பையை நிறுத்தவே கூடாது, நின்றால் அடிப்பிடிக்கும். அவள் கொஞ்ச நேரம், அவன் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிக் கிளறினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவன் பேசும் வேகத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது.

அவன் படகு வளைவில் மறைந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்த மெதுவான ஆளு எனக்கு வேணும்."

"உங்க அண்ணன் இருக்காரே?"

"ரெண்டு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன் அண்ணி. இந்தத் தடவை எனக்கு வேணும்."

என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். உண்மையாகவே அப்போது அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரியில், புகையில் உலர்த்தும் பரணிலிருந்து அந்த வருஷத்துக் கட்டைகள் இறங்கியதும், சிதோனியுவுக்காக அவனுடைய தாய்மாமன் ஒலிம்பியு பெண் கேட்டு வந்தார். மருமகன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் அவர். விடிந்தும் விடியாமல் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பெஞ்சில் ஒலிம்பியுவும் சிதோனியுவும். எதிர் பெஞ்சில் பெர்னபே. நடுவில் தலைவர் கசிமீரு. ஓரமாகப் பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர். ஆண்களுக்கு முதுகைக் காட்டி, கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒசனீரா.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சபோ முன்னால் பேசுகிற பேச்சுக்கு முறை உண்டு. முதல் வாய் வீட்டுக்காரருக்கு. பிறகு கிண்ணம் எல்லாரையும் சுற்றி வரும். யாரும் மிச்சம் வைக்காமல் குடிக்கக் கூடாது. மிச்சத்தோடு அது இழைக்கிறவளிடம் திரும்ப, அவள் தண்ணீர் விட்டு மறுபடி இழைப்பாள். பேசியது போதும் என்று பட்டால் வீட்டுக்காரர் "போதும்" என்பார். அவள் இழைக்காமல் மிச்சத்தை அப்படியே கொடுப்பாள். அவர் அதைக் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்ப்பார். சம்மதம் சொல்லாமல் கவிழ்த்துவிட்டால் அந்த விஷயத்தை அடுத்த வருஷத்துக் கட்டை வரும்வரை யாரும் பேசக் கூடாது. வாத்தியாரையும் படகுக்காரனையும் அப்படித்தான் கவிழ்த்தார். நடுவில் எழுந்தால், எழுந்தவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். கிண்ணத்துக்கு முன்னால் கோபப் பேச்சு கூடாது. இழைக்கிறவள் பேசவே கூடாது.

ஒலிம்பியு முறையாகக் கேட்டார். பெர்னபே தொண்டையைச் செருமினார்.

"மேலாறு ரொம்பத் தூரம். மழைக்காலத்துல ஒன்றரை நாள் துடுப்புப் போடணும்."

"மோட்டார் இருக்கே மச்சான்."

"மோட்டார் கெட்டுப்போனா?"

"துடுப்பு இருக்கே மச்சான்."

கிண்ணம் ஒரு சுற்று வந்தது.

"மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கறாரு. நாளைக்கு என் தங்கச்சி சுவத்தோடயா பேசுவா?"

எல்லாரும் சிதோனியுவைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். கிண்ணம் இன்னொரு சுற்று வந்தது.

"பேசுவேன்," என்றான்.

தலைவர் சிரிப்பை அடக்க இருமினார். பெர்னபே விடவில்லை. சிதோனியுவின் கூரை ஒழுகுவது, அவன் நாய் கடிப்பது, அந்தப் பக்கம் கொசு அதிகம் என்பது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைத்தார். ஒலிம்பியு ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். எட்டு மணி வாக்கில் என் புருஷனின் மூட்டை காலியாகிவிட்டது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"சரி," என்றார். "ஒசனீரா, போதும்."

சர்… சர்… சர்… கல் சத்தம் நிற்கவில்லை.

"ஒசனீரா. போதும்னேன்."

அவள் தண்ணீரை ஊற்றினாள். இழைத்தாள். தளும்பத் தளும்ப ஒரு கிண்ணத்தைத் திரும்பாமலே பின்னால் நீட்டினாள். நிறைந்த கிண்ணம் வந்தால் வீட்டுக்காரர் முதல் வாய் குடித்தே ஆக வேண்டும். குடித்தார். கொடுத்தார். சுற்றி வந்தது. மறுபடி சர்… சர்…

அடி கள்ளி! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மிச்சத்தைக் கொடுத்தால்தானே அவர் கவிழ்க்க முடியும்? கொடுக்காவிட்டால்? அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் வந்ததில்லை. இந்த ஆற்றில் எந்தப் பெண்ணும் அதுவரை கொடுக்காமல் இருந்ததில்லை. அவள் கட்டையை இழைத்துக்கொண்டிருக்கும்வரை பேச்சு முடியாது. பேச்சு முடியாதவரை இல்லை என்ற வார்த்தைக்கு இடமில்லை.

"என் அருமைத் தங்கச்சி," என்றார் பெர்னபே. கோபப்படக் கூடாதே! பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "கை வலிக்கப் போகுதும்மா. போதும்மா."

சர்… சர்…

"இழைக்கட்டுமே பெர்னபே," என்றார் தலைவர். "இன்னிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கு." அவருக்கு நடப்பது புரிந்ததா, நிஜமாகவே ருசித்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து மணிக்குள் கூடத்தில் எல்லாருக்கும் கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. பசி இல்லை, தூக்கம் இல்லை, பேச்சு மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒலிம்பியு தான் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்து முதல் கல்யாணம் வரை வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்து வருஷத்துக்கு முன் தொலைந்த ஒரு வலையைப் பற்றி மரியாதையாகச் சண்டை போட்டார்கள். தலைவரின் முழங்கால் தானாக ஆடியது.

பதினொரு மணிக்கு அடுத்த தொல்லை தொடங்கியது. காலையிலிருந்து கிண்ணம் கிண்ணமாக உள்ளே போன தண்ணீர் எங்கே போகும்? முதலில் ஒலிம்பியு ஒரு காலை மற்றொன்றின் மேல் போட்டார். அப்புறம் தலைவர். ஆனால் எழுந்தால் தோற்றதாக அர்த்தம். ஒலிம்பியு எழுந்தால் பெண் இல்லை, பெர்னபே எழுந்தால் பெண் கொடுத்தாயிற்று, தலைவர் எழுந்தால் ஊர் சிரிக்கும். ஒருவரும் அசையவில்லை.

என் புருஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இள வயதில், ஆண்பிள்ளை என்று காட்ட, கொட்டெறும்புகளை வைத்துப் பின்னிய கையுறைக்குள் இருபது தடவை கையை விட்டு, முகம் சுளிக்காமல் ஆடியவர் அவர். அந்த வீரர் இப்போது இரண்டு முழங்காலையும் இறுக்கிக்கொண்டு, கூரையில் எத்தனை ஓலை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"வெளியே மழை பெய்யுது போலிருக்கு," என்றார் ஒலிம்பியு, வேண்டுமென்றே. "ஓட்டமா ஓடுது தண்ணி. சலசலன்னு."

"மச்சான்," என்றார் பெர்னபே, "அன்பா கேக்கறேன், தண்ணியைப் பத்திப் பேசாதீங்க."

ஒரு மணி ஆயிற்று. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. விடியலில் முழங்கை நீளம் இருந்த கட்டை அவள் கையில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. விரல் முட்டி கல்லில் உரசிச் சிவந்திருந்தது. கட்டை தீர்ந்தால் தண்ணீர்தான், தண்ணீரைச் சபோ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிச்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவர் கவிழ்ப்பார். மேலாற்று மனுஷன் அடுத்த வருஷம்வரை காத்திருப்பான் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அவள் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வீட்டில் மிச்சக் கட்டையெல்லாம் போன வாரப் படகில் போய்விட்டது. ஒன்றே ஒன்று பரணின் உச்சியில் தொங்கியது. என் கை நீளம், என் கை தடிமன். அடுத்த நவம்பரில் மவ்வேஸ் குவாரனா விழாவில் வைப்பதற்காகப் பெர்னபே ஆசை ஆசையாக உருட்டிய கட்டை. வருகிறவர்களுக்கெல்லாம் பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி எடுத்துக் காட்டுவார், தொடவிட மாட்டார். பிள்ளைகள் அதன் அடியில் நின்று தும்மினால்கூடத் திட்டு.

புருஷனா, நாத்தனாரா என்று ஒரு நிமிடம் நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏணியில் ஏறி அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தேன்.

பெர்னபேயின் கண் பிதுங்கியது.

"என் கண்ணான பொண்டாட்டி," என்றார், குரல் கீச்சென்று வந்தது, "அது எதுக்கும்மா இப்போ?"

"விருந்தாளிங்க இருக்காங்களே. நல்ல கட்டையா இழைச்சாத்தானேங்க உங்களுக்கு மரியாதை?"

"அடேயப்பா, என்ன கட்டை!" என்றார் தலைவர்.

ஒசனீரா அதைத் தண்ணீரில் நனைத்தாள். கல்லில் வைத்தாள். சர்…

"நிறுத்து!" என்றார் பெர்னபே. கோபமில்லை, கெஞ்சல்தான். "நிறுத்தும்மா. தலைவரே, நான் நிஜத்தைச் சொல்லிடறேன். மேலாறு தூரமில்ல. நாய் கடிச்சா கடிக்கட்டும். சிதோனியு நல்ல ஆளு, எனக்கே தெரியும். ஆனா இந்தக் கூடத்துக்கு நான் உருட்டற கட்டைக்காக யாரும் வரல. இவ கைக்காக வர்றாங்க. அது எனக்குத் தெரியாதுன்னு என் பொண்டாட்டி நினைச்சுக்கிட்டிருக்கா. இவ போயிட்டா யாரு வருவா? அதை விடுங்க. எங்கப்பாவைப் புதைச்சுட்டு வந்த அன்னிக்குக்கூட இவதான் இழைச்சா. இந்தச் சத்தம் கேக்காம நான் ஒரு நாள்கூடக் கண் முழிச்சதில்ல. நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

கல் சத்தம் நின்றுவிட்டது. ஒசனீரா திரும்பி உட்கார்ந்தாள். இழைக்கிறவள் பேசக் கூடாது. பேசினாள்.

"அண்ணா, உனக்காக நான் இன்னும் நூறு வருஷம் இழைப்பேன். ஆனா இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு வந்தவங்க யார் முகத்தையும் நான் பாத்ததில்ல. முதுகைக் காட்டித்தானே உக்காந்திருக்கேன். எனக்கும் ஒரு வீடு வேணும் அண்ணா. அங்கேர்ந்து ஒரு நாள் விருந்தாளியா இங்க வரணும். உன் எதிர்ல உக்காந்து, உன் மூஞ்சியைப் பாத்துக் குடிக்கணும்."

பெர்னபே எழுந்தார்.

எழுந்தேவிட்டார். ஒலிம்பியு கையைத் தட்டப் போனார், தலைவர் பிடித்து நிறுத்தினார். பெர்னபே வெளியே ஓடவில்லை. இரண்டு காலையும் பின்னிக்கொண்டே தத்தித் தத்தித் தங்கையிடம் போனார். அவள் கையிலிருந்து கட்டையை வாங்கினார். விழாவுக்கு வைத்திருந்த கட்டையை. தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரே இழைத்தார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை, அதுவும் வீட்டுக்காரர், கூடத்தில் இழைத்து நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாயைத் தான் குடித்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"குடி தங்கச்சி. இன்னிலேர்ந்து நீ இந்த வீட்டு விருந்தாளி."

விருந்தாளி என்றால் வேறு வீட்டுக்காரி. அதற்கு மேல் சம்மதம் என்று தனியாக ஒரு வார்த்தை வேண்டுமா? ஒசனீரா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள். நான் அடுப்படியில் அகப்பையோடு அழுதேன். ஒலிம்பியுவும் அழுதார், ஆனால் அவருக்குக் காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம்.

"சீக்கிரம், சீக்கிரம்," என்றார் தலைவர். கிண்ணம் கை மாறிப் பறந்தது. பெர்னபே மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்கிக் கவிழ்த்தார். கிண்ணம் தரையைத் தொட்டதோ இல்லையோ, தலைவர்தான் முதலில் பாய்ந்தார். அந்த வயசில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் பெர்னபேயும் ஒலிம்பியுவும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு, "சம்பந்தி முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். மற்றவர்கள் பின்பக்கம் வேலியைத் தாண்டிப் போனார்கள்.

கூடம் காலி. சிதோனியு மட்டும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போகலையா?" என்றாள் ஒசனீரா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"நான் குடிக்கல," என்றான்.

"என்னது?"

"காலைல உங்க அண்ணன் ரெண்டாவது தடவை போதும்னாரு. நீ நிறுத்தல. அப்பவே புரிஞ்சுது. நீ எவ்வளவு நேரம் இழைச்சாலும் நான் எழுந்திருக்கக் கூடாதே. அதனால உதட்டை மட்டும் நனைச்சு நனைச்சு மாமாகிட்டக் குடுத்துட்டேன்." அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அடப்பாவி மனுஷா! அதுக்கப்புறம் கை ஒடிய ஒடிய நான் இழைச்சதுல நீங்க ஒரு வாய்கூடக் குடிக்கலையா?"

"இல்ல."

அவள் சட்டென்று கட்டையை எடுத்தாள். அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சிவந்திருந்த விரல் முட்டியைப் பார்த்தான்.

"இன்னிக்குக் கை வலிக்கும்," என்றான். "நாளைக்குக் குடிச்சுக்கறேன்." அப்புறம் யோசித்து, "நாளன்னைக்கும்," என்றான்.

ஒசனீரா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஆற்றோரம் வரிசையாக நின்றிருந்தவர்களுக்கெல்லாம் அது கேட்டிருக்கிறது.

"அங்க என்ன சிரிப்பு?" என்று என் புருஷன் மரத்தடியிலிருந்து கத்தினார். நான் வேலை இருப்பவளைப்போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.